காயாத கையெழுத்து

நெப்ராஸ்காவின் ஆஷ்லோ ஊர் வங்கியில் காசாளராக இருந்த தெல்மா ஆஸ்ட்விக், 1922-இல் ஓர் ஐந்து டாலர் நோட்டில் போட்ட கையெழுத்து இன்னும் காயவில்லை. தொட்டால் விரலில் நீலம் ஒட்டும். சோப்பு போட்டால் போய்விடும். அப்போதெல்லாம் சின்ன ஊர் வங்கிகளும் தம் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன; தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்திடுவார்கள். பொம்பளை பெயர் போட்ட நோட்டை எவன் வாங்குவான் என்று தலைவர் அவள் பெயரை ஒற்றுத்தாளால் ஒற்றியெடுத்து, தன் மருமகனை எழுதச் சொன்னார். தெல்மா மறுபடி போட்டாள். வேலையை விட்டு நீக்கிய அன்றும் மேசையில் கிடந்த கட்டு முழுவதிலும் போட்டுவிட்டுத்தான் தொப்பியை எடுத்தாள். பிறகு வங்கி திவாலானது, தலைவர் கலிபோர்னியா போனார், தெல்மா இறந்தாள், ஊரில் பாதி வீடு காலியானது. எஞ்சிய ஒரே நோட்டு, பண்ணை ஏலத்தில் வாங்கிய பொத்தான் டப்பாவுக்குள், பள்ளிப் பேருந்து ஓட்டும் நோரீன் குபிசெக்கிடம் வந்தது. பழைய வங்கி நோட்டு சேர்ப்பவள் அவள்; பார்த்ததுமே அதன் அருமையைத் தெரிந்துகொண்டாள்.

ஒமாஹாவிலிருந்து பழைய நோட்டு வியாபாரி வெண்டெல் ஃபிட்ச் வந்து, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"மடிப்பு கம்மி, ஓரம் சுத்தம். நாப்பதாயிரம் போகும் மேடம். ஆனா ஈரமா இருக்கே. நேத்து எழுதினதுன்னு சொல்லிடுவாங்க. லேசா ஒத்தி எடுத்துடட்டுமா?"

நோரீன் ஒழுகும் கூரையைப் பார்த்தாள். தன்னையறியாமல் தலையாட்டிவிட்டாள். ஃபிட்ச் ஒற்றினார்; பெயர் முழுசாகத் தாளுக்குப் போனது. அவர் மூச்சு விடுவதற்குள் நோட்டில் அதே பெயர் முன்னைவிடப் பெரிதாக ஊறி, பக்கத்தில் அச்சிட்டிருந்த ஜனாதிபதி படத்தின் தாடி வரை ஏறியது. அவர் இன்னொரு தாளை எடுத்தார். நோரீன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது.

"போதும் சார். அந்தம்மா பேரை அழிச்சு வர்ற காசு எனக்கு வேணாம்."

"கூரை ஒழுகுதே மேடம்."

"ஒழுகட்டும். வாளி இருக்கு."

"இப்படியே வெச்சிருந்தா அஞ்சு டாலர்கூடத் தேறாது."

"அப்ப அஞ்சு டாலருக்குக்கூடத் தரமாட்டேன்னு எழுதிக்குங்க."

ஃபிட்ச் நேர்மையான மனிதர். அடுத்த ஆண்டு அவர் அச்சிட்ட விலைப்பட்டியலில், மற்ற நோட்டுகளுக்கு எதிரே கிழிசல், கறை என்று போட்டிருந்தது போலவே, ஆஷ்லோவுக்கு எதிரே 'ஈரம்' என்று போட்டிருந்தார். விலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். இதுவரை யாரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை.