புதுசா ஏதாச்சும் தூசி?

“வழி விடுங்க அண்ணாச்சி, வழி விடுங்க.”

செல்வலட்சுமி ஒரு கையால் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியபடி, மறுகையால் நாத்தனார் பொன்மணியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருந்தாள். பின்னால் போனும் காதுமாக வந்தான் அவள் கணவன் பூவனலிங்கம். கோவில்பட்டியில் தீப்பெட்டி யூனிட் வைத்திருப்பவன். யூனிட்டில் பாதி வேலை தங்கை பொன்மணி தலையில்தான்.

முந்தாநாள் வரை ஸ்கூட்டரில் பறந்தவள். இப்போது ஒரு சொல்லுக்கே மூச்சு முட்டியது.

டாக்டர் முத்துச்செல்வி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நுரையீரல் இரண்டும் வெள்ளை.

“நிமோனியாவா இருக்கலாம். இல்லேன்னா இன்னொண்ணு, ரொம்ப அபூர்வம். அலர்ஜிக்கு ஓடிவர்ற வெள்ளணுக்கள் திடீர்னு நுரையீரல்ல குவிஞ்சு வீங்க வச்சிரும். அதுக்கு ஸ்டீராய்டு போட்டா மளமளன்னு தேறிருவா. கிருமியா இருந்து அதைப் போட்டா ஆபத்து. டியூப் விட்டுச் சோதிக்க இவ தாங்க மாட்டா. அதான் கேக்குதேன், புதுசா ஏதாச்சும் புகை, தூசி?”

“ஒண்ணுமில்ல டாக்டரம்மா. மழையில நனைஞ்சா, சளிதான்.”

மாஸ்க்குக்கு மேலே பொன்மணியின் கண்கள் அண்ணனை விட்டு அகலவில்லை. அவன் போனைப் பார்த்தான்.

“நம்மூர்ல எப்ப மழை பெஞ்சுது?” என்றாள் செல்வலட்சுமி.

“நீ சும்மா இரி.”

“நகமெல்லாம் நீலம் பாரிச்சு வருது, சும்மா இருக்கவா? யூனிட்டுக்கு ஆபீசர் சோதனைக்கு வந்துட்டுப் போன அன்னைக்கு ஆரம்பிச்ச இருமல். என்ன நடந்துச்சு?”

பூவனலிங்கத்தின் குரல் இறங்கியது. “தீக்குச்சி மருந்துப் பொடி லைசென்ஸ் அளவுக்கு மேல கெடந்துச்சு. ஆபீசர் வாராருன்னு பக்கத்து யூனிட்டுக்காரன் போன் போட்டான். மூட்டைய குடோனுக்குள்ள ஒதுக்க இவகிட்ட சொன்னேன். ஒண்ணு கிழிஞ்சு கொட்டிருச்சு போல.”

டாக்டர் அதற்குள் நர்ஸ் பக்கம் திரும்பியிருந்தார். ஸ்டீராய்டு ஊசி ஏறியது.

மறுநாள் மத்தியானம் பொன்மணியால் முழுசாகப் பேச முடிந்தது. கட்டிலோரம் பூவனலிங்கம் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான்.

“ஏட்டி, பொடி பறந்தா வெளிய ஓடிவர வேண்டியதுதான?” என்று கேட்டாள் செல்வலட்சுமி.

“அண்ணன் வெளிய பூட்டிட்டாவ மைனி. இருமிக்கிட்டே கதவத் தட்டுனேன். ஆபீசர் ‘என்ன சத்தம்’னு கேட்டது எனக்குக் கேட்டுச்சு.”

அண்ணன் நீட்டிய சுளையை அவள் வாங்கவில்லை.

“‘பக்கத்து யூனிட்டு மிஷினு சார், நீங்க காபி குடிங்க’ன்னு சொன்னாவ.”