பால் காய்ச்சாத வீடு

டயாலிசிஸ் பிரிவின் முதல் ஷிப்ட் காலை ஐந்தரைக்கு. அண்ணன் இருக்கும் மல்லசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் சேலம் வந்து சேர ஆறே கால் ஆகிவிடும். நான் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டல் கேட்டோ ஆறு மணிக்கு முன் திறக்காது. "இருபதாம் தேதியிலேர்ந்து அஞ்சரைக்கு நிக்கணும் சண்முகப்பிரியா. முடியலன்னா வேற டெக்னீஷியன் பாத்துக்கறோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாலு ரோட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைக்காவிட்டால் வேலை போகும். விவாகரத்து வாங்கி வந்தவளுக்கு வேலையும் போனால் அண்ணன் வீடுதான். அங்கே போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பதினொரு வீடு பார்த்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்வித்தாள். ஊட்டுக்காரர் எங்க? தனியாவா இருப்பீங்க? விடியறதுக்கு முன்னாடி எங்க போவீங்க?

பன்னிரண்டாவது வீடு அரிசிப்பாளையத்தில், ஒரு மாடிப் போர்ஷன். கீழே சேலை வியாபாரி சுவாமிநாதனும் அவர் மனைவி தமிழ்ச்செல்வியும் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிடம். நடந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டினேன். வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம். என்னிடம் நாற்பத்து மூன்றாயிரம்தான் இருந்தது.

விவாகரத்து என்றதும் தமிழ்ச்செல்வி அக்கா உச்சுக் கொட்டியதோடு சரி. நாளைக்கே வருகிறேன் என்றதும்தான் பதறினார்.

"ஆடி பொறந்து ரெண்டு நாளாச்சே சாமி! ஆடியில பாலு காச்சினா உனக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. ஆவணியில வா."

"ஆவணி வரைக்கும் எனக்கு வேல இருக்காதுங்க்கா."

சுவாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. வீடு பூட்டிக் கிடக்கலாம், நான் மட்டும் தெருவில் நிற்கணுமா?

"பாலு காச்சினாத்தானுங்கண்ணா குடி வந்த கணக்கு?"

"ஆமா."

"அப்பக் காச்சல. ஆடி முச்சூடும் அடுப்பே பத்த வெக்க மாட்டேன். பாயைப் போட்டுப் படுத்துக்கறேன். ஆவணியில முறையா குடி வாரேன்."

அவர் யோசித்தார். "சரி, தங்கிக்க. வாடகைய..."

"குடியே வரலீங்களே, வாடகை எப்படிங்கண்ணா?"

அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "அப்ப அட்வான்சும் வேண்டாம். கேட்டுல டூலெட் போர்டும் தொங்கட்டும்" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தினமும் அந்தப் போர்டைக் கடந்து ஐந்து இருபதுக்கு ஆஸ்பத்திரியில் நின்றேன். மேனேஜர் குறை சொல்ல வழியில்லை. சாப்பாடு மெஸ்ஸில். குடிக்கப் பச்சைத் தண்ணீர். அக்கா ஏதாவது சாக்கில் மேலே வந்து அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். எரிச்சலாக இருக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஆடி இருபத்தைந்தில் நல்ல மழை, எனக்குக் காய்ச்சல். படுத்திருந்தபோது கீழே பேச்சுக் குரல் கேட்டது. பேங்கில் வேலை பார்ப்பவர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆவணியில் வருகிறோம், ஒன்பதாயிரம் தருகிறோம் என்றார். "பாத்துச் சொல்றேனுங்க" என்றார் சுவாமிநாதன்.

ஒரு டம்ளர் வெந்நீர் கிடைத்தால் போதும் என்றிருந்தது. லைட்டரை எடுத்தேன். வைத்துவிட்டேன். வீடு கை விட்டுப் போகட்டும், ஆனால் நான் சொல் தவறியதால் போகக் கூடாது.

சற்று நேரத்தில் அக்கா சூடான ரசத்தோடு வந்தார். வழக்கம்போல அடுப்பைத் தொட்டார். சில்லென்று இருந்திருக்கும். "ஏஞ்சாமி, காச்சலோடயுமா?" என்றார்.

"சொல்லிப்போட்டனுங்களேக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அந்த மாதச் சம்பளத்தையும் சேர்த்து ஐம்பதாயிரத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வீடு எனக்கா, பேங்க்காரருக்கா என்று சுவாமிநாதன் இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆவணி முதல் முகூர்த்த நாளில் நேரம் காலை ஆறரை என்று காலண்டரில் போட்டிருந்தது. அதற்குள் என் முதல் நோயாளிக்கு ஊசி ஏற்றியிருக்க வேண்டும்.

அன்று நாலரைக்கே கதவு தட்டப்பட்டது. அக்கா புதுப் பாத்திரம், பால், குங்குமத்தோடு நின்றார். "ஆறரைக்கு நீ எங்க இருப்ப? உன் ஷிப்டுக்கு முந்துன நேரந்தான் உனக்கு நல்ல நேரம். பத்த வெய்யி."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பணத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன், அக்கா வாங்கிக்கொண்டார். "அண்ணா எங்கீங்க?" என்று கேட்டேன். "கீழதான்" என்றார்.

வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினேன். கேட்டருகே சுவாமிநாதன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, போர்டின் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நேரமாவுது, போ" என்றார். "ஒண்ணாந்தேதி வாடகைய மறந்துராத."