நீளக் கோட்டில் ஒருத்தி

...என்ன சொல்வது, அக்காவிடம் இப்போது என்னதான் சொல்வது, போபோடியில் பஸ் ஏறியதிலிருந்து வனஜாவின் மண்டைக்குள் இதே கேள்விதான், வீடு இருக்கிற ஔந்த் வர இன்னும் நாலைந்து நிறுத்தம், அதற்குள் ஒரு பதில் தயாராக வேண்டும், கோதை அக்கா லேசில் விடுகிற ஆளா, ஒன்றைக் கேட்டால் அதிலிருந்து இன்னும் ஒன்பது கேட்பாள், காய்காரனையே குறுக்கு விசாரணை செய்து அழவைக்கிறவள்... கேன்சர் ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவில் பதினாலு வருஷம் குப்பை கொட்டியும் இந்த வாயை அடக்கத் தெரியவில்லையே, போன வருஷம் அக்காவுக்குச் சினைப்பையில் புற்று, மூன்றாம் கட்டம் என்று தெரிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்தபடியே கிடந்தபோது, டாக்டர் மேடத்தின் ஆராய்ச்சிக்காக வரைந்த கோட்டுப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டியது யார், சாட்சாத் இவளேதான்.

நூற்றுப் பன்னிரண்டு பெண்கள், வயது, எந்தக் கட்டம், வயிற்றில் நீர் கோத்திருந்ததா, வெட்டி எடுத்தபின் கட்டி எவ்வளவு மிஞ்சியது, எத்தனை மாதம் உயிரோடு இருந்தார்கள்... ஒருத்தி போனால் கோடு ஒரு படி இறங்கும், மூன்றாம் கட்டத்துக் கோடு மாடிப்படி மாதிரி இறங்கி இறங்கிக் கடைசியில் மட்டும் விழாமல் ஏழு வருஷம்வரை நேராக நீண்டிருந்தது, இது யாருடி என்று அக்கா அதன்மேல் விரலை வைத்தாள். பேரைச் சொல்வதே தப்பு, ஆனாலும் சொன்னாள், போபோடில ஒரு தமிழம்மா, எஸ்தர்னு பேரு, உன்னோட அதே கட்டந்தான், நாங்க வருஷா வருஷம் அனுப்பற பதில் அட்டைல உயிருடன்ங்கற கட்டத்துல டிக் போட்டு வந்துடுதுக்கா... அன்றைக்குத்தான் அக்கா எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டாள்.

அந்த அம்மாவை நேரில் பார்த்து என்ன சாப்பிடுகிறார், எப்படி இருக்கிறார் என்று கேட்டு வா என மேடம் சொன்னதும் அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை, தன் பங்குக்கு ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதிக் கொடுத்தாள், பாகற்காய் ஜூஸ் குடிப்பாங்களா, முடி எப்ப முளைச்சுது, தூக்கம் வருதா... போபோடி வீட்டில் இருந்தது எஸ்தரின் கணவர் மட்டுந்தான், ஜெபகுமார் அங்கிள், வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாளாக டீ போட்டுக் கொடுத்தார், ஆன்ட்டி எங்கே அங்கிள் என்று கேட்டவள் சுவரிலிருந்த படத்தை அப்போதுதான் பார்த்தாள், மறைவு 9.12.1998. வந்த ஏழு அட்டைகளில் முதல் அட்டை மட்டுந்தான் உண்மை. கோபம் வந்தது, நியாயமான கோபம், ஏன் இப்படி எழுதி அனுப்பினீங்க என்று கேட்டே விட்டாள். "செத்துட்டான்னு எங்கையால கோடு போடச் சொல்லுதியளாம்மா?" என்றார் அவர். டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "எஸ்தர் எப்படி இருக்கான்னு வருசத்துக்கு ஒருக்கா கேக்கது உங்க அட்ட மட்டுந்தாம்மா, மத்தவங்க எல்லாம் மறந்துட்டாவ. இல்லன்னு போட்டுட்டா அதுவும் வராதுல்லா?" அதற்குமேல் எப்படிக் கோபப்படுவது, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது... படிவத்தில் எழுதுவது சுலபம், எஸ்தர் இருந்தது பத்தொன்பது மாதம், நாளைக்கே கோட்டைத் திருத்திவிடலாம், மேடம் இரண்டு திட்டு திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அக்காவுக்குக் கட்டி கொஞ்சமும் மிச்சமில்லாமல் எடுத்தார்கள், எஸ்தருக்கு மிஞ்சியிருந்தது, நல்ல வித்தியாசந்தான், இதைச் சொல்லித் தேற்றலாமா... சொன்னால் ஆமாம் என்பாள், அப்புறம் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள், அந்த முதுகை இன்னொரு தடவை பார்க்க வனஜாவுக்குப் பயமாக இருந்தது.

கதவு திறந்தே இருந்தது. "பாத்தியாடி?" என்றாள் அக்கா. "இல்லக்கா... அவங்க ஊருக்குப் போயிருக்காங்களாம்." அடுத்த கேள்விகளுக்கெல்லாம் பஸ்ஸிலேயே பதில் கட்டி வைத்திருந்தாள், எந்த ஊர், நாசரேத், யார் வீடு, மகள் வீடு, என்ன விசேஷம், பேரனுக்கு ஞானஸ்நானம்... அக்கா அதில் ஒன்றையும் கேட்கவில்லை, அவள் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்து ஃபிரிட்ஜின்மேல் வைத்தாள், வெயில்ல வந்திருக்க, மோர் குடி என்று டம்ளரைக் கொடுத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினாள், மாடி வீட்டுக்காரியின் புது ஸ்கூட்டரைப் பற்றிப் பேசினாள், வனஜா மோரைக் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தாள், எஸ்தர் எப்போது திரும்பி வருவார் என்று மட்டும் கேட்கவேயில்லை.