பச்சைப் பாதையில் இரும்புக் கூடைகள்

இமாய் கசுயோவின் காலின் மேல் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கிய சில நாட்களில், அந்தக் காலோடு அவளே வந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் பகுதி மேலாளர் குரோகி. ஆலையில் எல்லோரும் அவரை 'கச்சோ' என்றுதான் கூப்பிடுவார்கள். சேதி வந்தபோது சகாகி நொபுகோ சாப்பாட்டு அறையில் சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு மன்னிப்புக் கேக்கணும்? அடிபட்டவளா?"

"அடிபட்டவதான்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த தானிமோதோ. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "அவ கால் அங்க இருந்ததுனாலதானே சக்கரம் ஏறுச்சு? காலை வீட்லயே வச்சுட்டு வேலைக்கு வந்திருக்கணும்."

நொபுகோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அது காருக்கான இருக்கைச் சட்டங்கள் செய்கிற ஆலை. உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிற வரைக்கும் ஆட்கள் நடப்பதற்கென்று தரையில் பச்சை வண்ணம் அடித்த பாதை உண்டு. இரண்டு ஓரமும் வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்டின் ராஜ்ஜியம். பாதை எங்கே வண்டித் தடத்தைக் கடக்கிறதோ அங்கே இரண்டு பாதச் சுவடுகள் வரைந்திருக்கும். அதில் நின்று, கையை நீட்டி, விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "வலது, சரி! இடது, சரி! முன்னால், சரி!" வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பிறகு பழகிவிடும்.

நொபுகோவுக்குப் பழக்கம் என்பதோடு நிற்கவில்லை. அவள் அந்தக் கோட்டை நம்பினாள். ஓரத்து நாடா எங்காவது உரிந்திருந்தால் தன் இடைவேளையில் மண்டியிட்டு ஒட்டுவாள். கோட்டை மிதித்து நடக்கிற புதியவர்களை விரட்டி விரட்டித் திட்டுவாள். கடைவீதியில் சாலையைக் கடக்கும்போதுகூட அவளுடைய விரல் தானாக நீளும். "போலீஸ்காரிகூட நடக்கிற மாதிரி இருக்குடி" என்று புருஷன் இரண்டடி தள்ளியே நடப்பான். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். இந்தப் பச்சைக்குள் நீ இருக்கிறவரை உன்மேல் எதுவும் ஏறாது என்று கம்பெனி தரையில் எழுதிக் கொடுத்த வாக்கு அது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த வாக்கின் மேல்தான் கூடைகள் வந்து உட்கார்ந்தன. இலையுதிர் காலத்தில் சட்டங்களை வாங்குகிற பெரிய கார் கம்பெனி தன் கார் மாதிரியை மாற்றியது. பழைய சட்டங்களைச் சுமந்துகொண்டிருந்த இரும்புக் கூடைகள் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தன. வைக்க இடம் இல்லை. "இன்னிக்கு மட்டும்" என்று குரோகி மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், பச்சைப் பாதையை அடைத்து, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கச் சொன்னார். அடுக்குக்கு முன்னால் ஒரு பலகை. அதில் தலைக்கவசம் போட்ட ஒரு பொம்மை ஆள் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக் குனிந்து நின்றான். 'தற்காலிகம். தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.' புத்தாண்டு அரிசி உருண்டையான மோச்சியைத் தின்று முடித்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியபோதும் அவன் நிமிரவில்லை.

ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். வேறென்ன செய்வது? கோட்டைத் தாண்டி, வண்டித் தடத்தில் சில எட்டு வைத்து, மறுபடி பச்சைக்குள் ஏறிக்கொள்வார்கள். நொபுகோ இரண்டு முறை குரோகியிடம் போய்ச் சொன்னாள். "கச்சோ, அந்தக் கூடைய எடுக்கணும். கோட்டுக்கு வெளிய நடக்குறோம்." அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' மட்டும் சேர்த்து, "எடுத்துரலாம் சகாகி சான். அதுவரைக்கும் பாத்துப் போங்க," என்றார். அவ்வளவுதான்.

கசுயோவும் பார்த்துத்தான் போனாள். அடுக்கு முகத்துக்கு மேல் உயர்ந்து நின்றதால் அந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டி அவளுக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டிய ஒகுயாமாவுக்கு அவளும் தெரியவில்லை. பாதுகாப்புக் காலணியின் முனையில் இருக்கும் இரும்பு, கால்விரல்களை மட்டும்தான் காக்கும். சக்கரம் அதற்குப் பின்னால் புறங்காலில் ஏறியது. எலும்பு நொறுங்கிய சத்தத்தைவிட ஒகுயாமா போட்ட கூச்சல்தான் ஆலை முழுக்கக் கேட்டது. நல்ல மனுஷன். அன்றிலிருந்து சாப்பாட்டு அறைப் பக்கமே வருவதில்லை, டப்பாக் காப்பியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

விசாரணை நடந்தது. குரோகியும் இன்னும் இரண்டு பேரும் அளவு நாடாவோடு வந்து, ரத்தக் கறை வெள்ளைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். கூடைகளை யாரும் அளக்கவில்லை. அடிபட்டவர் கோட்டுக்கு வெளியே இருந்தார், காரணம் அவருடைய கவனக்குறைவு. முடிந்தது கதை!

ஞாயிற்றுக்கிழமை நொபுகோ ஒரு பை நிறைய ஆரஞ்சுகளோடு கசுயோவின் வீட்டுக்குப் போனாள். கசுயோ கட்டுப்போட்ட காலை ஒரு மெத்தையின் மேல் தூக்கி வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆள் அனுப்பும் கம்பெனி வழியாக வேலைக்கு வந்தவள். மார்ச்சோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது.

"கேக்க மாட்டேன்னு சொல்லு," என்றாள் நொபுகோ. "நான் உன் பக்கம் நின்னு பேசுறேன். எங்க நடக்கச் சொன்னாங்க உன்னை? கூடைக்கு மேல ஏறிக் குதிக்கச் சொன்னாங்களா?"

"வேணாம், சகாகி சான்."

"என்ன வேணாம்?"

"நல்லபடியா மன்னிப்புக் கேட்டுட்டா, ஒப்பந்தத்தை நீட்டச் சொல்றேன்னு கச்சோ சொல்லியிருக்காரு. ஏப்ரல்ல என் பொண்ணு நடுநிலைப் பள்ளிக்குப் போறா. இந்தக் காலோட நான் எங்க போய் வேற வேலை தேடுவேன்? நீங்க நல்லது செய்யுறதா நினைச்சு ஏதாவது பேசிட்டீங்கன்னா…" கசுயோ முடிக்கவில்லை. "எனக்காக வாயே திறக்காதீங்க. சத்தியமா."

நொபுகோ சத்தியம் செய்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து, கசுயோவின் பக்கம் ஒரு தப்பும் இல்லாமல் அவள் தலையை மட்டும் குனியவைக்கிற இந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும் என்று மனசுக்குள் குரோகியைத் திட்டிக்கொண்டே வந்தாள். ரயிலில் வெளியே திட்ட முடியாது.

திங்கள் காலை வானொலி உடற்பயிற்சிப் பாட்டுக்குக் கைகால் அசைத்து முடித்ததும் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அந்த வாரம் பாதுகாப்புப் பொறுப்பு நொபுகோவுடையது. கையில் பச்சைப் பட்டை கட்டியிருந்தாள். கசுயோ இரண்டு ஊன்றுகோல்களோடு முன்னால் வந்தாள். ஒன்றைத் தூணில் சாய்த்து வைத்தாள். மற்றதைப் பிடித்துக்கொண்டு, நெற்றி கிட்டத்தட்ட முட்டிக்கு வருகிற அளவுக்குக் குனிந்தாள்.

"என் கவனக்குறைவால கோட்டைத் தாண்டினேன். ஒகுயாமா சானுக்கும், உங்க எல்லாருக்கும், கம்பெனிக்கும் பெரிய தொந்தரவு குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

ஒகுயாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான். குனிந்தவள் நிமிரவே இல்லை. குரோகி தொண்டையைச் செருமிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? நாலு பேர் முன்னால் பேசக் கிடைத்தால் குரோகி சும்மா இருக்க மாட்டார்.

"இமாய் சான் நமக்கு ஒரு பாடம்," என்று ஆரம்பித்தார். "கோடு எதுக்கு? அழகுக்கா? ஒருத்தர் தாண்டினா எல்லாருக்கும் கஷ்டம். இன்னிலேருந்து, என்ன நடந்தாலும் சரி, யாரும் ஒரு கால்கூட கோட்டுக்கு வெளிய வைக்கக் கூடாது. என்ன நடந்தாலும்! எல்லாரும் சொல்லுங்க!"

எல்லோரும் விரலை நீட்டிச் சொன்னார்கள்: "கோட்டுக்கு உள்ளே, சரி!"

நொபுகோவும் சொன்னாள். சொல்லி முடித்த கையை இறக்கும்போதுதான் அவளுக்குப் பளிச்சென்றது. வாயே திறக்க மாட்டேன் என்று கசுயோவுக்குச் சத்தியம் செய்திருக்கிறாள். திறக்க வேண்டியதே இல்லையே!

பொறுப்பாளர்தான் முன்னால் நடப்பார். நொபுகோ நடந்தாள். பின்னால் முழு ஷிஃப்டும் ஒற்றை வரிசையாக வந்தது. கடைசியில் ஊன்றுகோல்களோடு கசுயோ; கால் ஆறும்வரை அவளுக்கு உட்கார்ந்தபடி ஒட்டுத்தாள் ஒட்டுகிற வேலை. முதல் குறுக்குத் தடத்தில் நொபுகோ பாதச் சுவடுகளில் நின்றாள். "வலது, சரி! இடது, சரி! முன்னால், சரி!" பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். மூன்றாவது தூண் வந்தது. பொம்மை ஆள் வழக்கம்போலக் குனிந்து நின்றான். அவனுக்குப் பின்னால் கூடைகள்.

நொபுகோ நின்றாள். கையை நீட்டினாள்.

"முன்னால், சரியில்லை!"

அப்படியே நின்றுவிட்டாள்.

பின்னால் இருந்தவர்கள் முதலில் விழித்தார்கள். வழக்கம்போல் சுற்றிப் போக ஒருத்தி வெள்ளைக் கோட்டின் மேல் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை அந்தரத்தில் நிறுத்தி, நொபுகோவின் முதுகைப் பார்த்து, மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டாள். தானிமோதோவுக்குத்தான் முதலில் புரிந்தது. அடக்க முடியாத சந்தோஷத்தோடு விரலை நீட்டினாள். "முன்னால், சரியில்லை!" அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவன் சொன்னான். வரிசை நெடுக ஒவ்வொருவராக, ஒழுங்காக, கை நேராக நீட்டி, முறைப்படி சொன்னார்கள். யாரும் நகரவில்லை.

வேலை தொடங்கும் மணி அடித்தது. இயந்திரங்களின் முன்னால் ஆள் இல்லை. இங்கே சட்டம் போகாவிட்டால் அங்கே பெரிய கம்பெனியில் கார் நகராது. சேர்த்து வைத்துக்கொள்கிற பழக்கமே கிடையாது, அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்குப் போய்ச் சேர வேண்டும். இயந்திரங்களின் மேலே, வேலை நின்றதைக் காட்டும் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

குரோகி அலுவலகத்திலிருந்து பாய்ந்து வந்தார். பச்சைப் பாதையில் வரவில்லை. வண்டித் தடத்தில், குறுக்கே, விரலும் இல்லை குரலும் இல்லை, நேராக ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? ஏன் எல்லாரும் இங்க நிக்கிறீங்க?"

"முன்னால், சரியில்லை," என்றாள் நொபுகோ.

"என்ன சரியில்லை?"

அவள் கூடைகளைச் சுட்டினாள். பலகையில் குனிந்து நின்றவனையும் சுட்டினாள். குரோகிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"இது எத்தனை நாளா இங்க இருக்கு? இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா? மணி அடிச்சாச்சு! சுத்திப் போங்க!"

நொபுகோ நகரவில்லை. தானிமோதோதான் பாவம்போல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"கோட்டுக்கு வெளியவா, கச்சோ?"

குரோகி தன் காலைக் குனிந்து பார்த்தார். அவர் நின்றுகொண்டிருந்ததே ஃபோர்க்லிஃப்ட் தடத்தின் நட்டநடுவில். சற்றுத் தள்ளி ஒகுயாமா வண்டியை நிறுத்தியிருந்தான். இறங்கி நின்று, கையை நேராக நீட்டி, சில நாட்களாகப் பேசாத தொண்டையால் கத்தினான்: "கோட்டுக்கு வெளிய ஒரு ஆள்! சரியில்லை!"

யாரோ சிரித்துவிட்டார்கள். குரோகி வெள்ளைக் கோட்டைத் தாண்டி வரிசைக்குள் ஏறிக்கொண்டார். இடம் நெருக்கடியாக இருந்தது. நொபுகோவின் தோளோடு தோள் உரச நிற்க வேண்டியதாயிற்று.

"சகாகி சான், நீங்க பொறுப்பான ஆள்," என்றார் தணிந்த குரலில். "இப்ப எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. அப்புறமாப் பேசிக்கலாம்."

"எப்படிப் போறது கச்சோ? நீங்களே சொல்லுங்க. சொன்னபடி போறோம்."

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. குரோகி ஒகுயாமாவைப் பார்த்துக் கையை வீசினார். "எடு! எல்லாத்தையும் எடு!"

"எங்க வைக்கட்டும்?"

"எங்கயாவது! விருந்தாளிங்க வண்டி நிறுத்துற இடத்துல வை!"

விருந்தாளிகள் வண்டி நிறுத்துகிற இடம். இவ்வளவு நாளும் அது காலியாகத்தான் கிடந்தது. கேட்டதும் நொபுகோவுக்கு உள்ளே என்னவோ அறுந்துபோன மாதிரி இருந்தது. ஒரு பெண்ணின் கால் எலும்பு அந்த இடத்தைவிட மலிவாகப் போயிற்று. கத்த வேண்டும்போல் இருந்தது. கொடுத்த சத்தியம் வாயைக் கட்டியது.

ஒகுயாமா ஒவ்வொரு அடுக்காகத் தூக்கிக்கொண்டு போனான். அடியிலிருந்து பச்சை நிறம் வெளியே வந்தது. யாரும் நடக்காத அந்த இடத்தில் வண்ணம் புத்தம் புதிதாக இருந்தது. கடைசிக் கூடையும் போயிற்று.

"சரி, நடங்க," என்றார் குரோகி.

நொபுகோ கையை உயர்த்தினாள். "முன்னால்—"

"சரியில்லை."

சொன்னது பின்னாலிருந்து. எல்லோரும் திரும்பினார்கள். ஊன்றுகோல்கள் தரையில் தட்டத் தட்ட, வரிசை விலகி வழிவிட, கசுயோ முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"கச்சோ. காலையில நான் கேட்ட மன்னிப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்."

"இமாய் சான், இப்ப இதுக்கு நேரம் இல்ல. உங்க ஒப்பந்த விஷயத்தை யோசிச்சுப் பாருங்க—"

"யோசிச்சேன். இத்தனை நாளா அதையே யோசிச்சு யோசிச்சுத்தான் இன்னிக்கு அப்படிக் குனிஞ்சேன்." அவள் ஊன்றுகோலைத் தரையில் அழுத்தி ஊன்றினாள். "நான் நடக்க வேண்டிய இடத்துல நீங்க கூடைய வச்சீங்க. பாத்துப் போன்னு சொன்னீங்க. போனதுக்கு என்னைத் தலைகுனிய வச்சீங்க. ஒப்பந்தத்தை நீட்டுறதும் நீட்டாததும் உங்க இஷ்டம். மன்னிப்பு நீங்கதான் கேக்கணும்."

மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தொலைபேசி விடாமல் அடித்தது. குரோகி அலுவலகக் கதவைப் பார்த்தார், நின்றுபோன இயந்திரங்களைப் பார்த்தார், நகராத அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு, கழுத்தில் ஈ உட்கார்ந்ததுபோல, தலையை மட்டும் சட்டென்று ஆட்டினார். "மன்னிக்கணும்," என்றார்.

நடக்கலாம் என்று அவர் கை காட்டினார். நொபுகோ கசுயோவைப் பார்த்தாள். காலையில் தூணில் சாய்த்து வைத்த ஊன்றுகோலை இப்போது கசுயோ நொபுகோவிடம் கொடுத்தாள்.

"கச்சோ, எனக்கு ஒரு கால்தான் இருந்துச்சு. அதுலயே நான் இதவிடக் கீழ குனிஞ்சேன்."

குரோகி கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு குனிந்தார். கசுயோ அவசரப்பட்டுத் தொண்டையைச் செருமவில்லை. அவர் அப்படியே நின்றார்.