கேப்டனின் கணவர்

மார்ச் ஒன்பதாம் தேதி. பதினோரு ஆண்டுகளாகக் கேப்டன் உரிமம் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம், "உங்க வீட்டுக்காரரும் கூட வந்தா படகைத் தர்றேன்" என்று ஒரு முதலாளி சொன்னார். அநீதி அதுதான், சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கணவர் மெக்கானிக், சுக்கான் பிடிக்கத் தெரியாதவர். ஆயினும் வந்தார்.

ஒரே மூச்சில் ஆயிரம் மைல் ஓடக்கூடிய உல்லாசப் படகு. கரையோரமாகவே ஓட்டி ஐந்தாம் நாள் ஒப்படைக்க வேண்டும். சோபாக்களின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக்கூடாதென்பதால், இருவரும் சமையலறைத் தரையில் அமர்ந்தே உண்டார்கள். அதே முதலாளிக்கு இன்னும் நான்கு படகுகள் வரவிருந்தன. இடையில் எங்கேனும் ஒதுங்கினால் அவற்றை ஓட்டும் வேலை வேறொருவர் கைக்குப் போகும் என்பதைக் கேப்டன் அறிவார்.

மூன்றாம் நாள் முற்பகலில் படகு இடப்பக்கம் சாய்ந்தது. வரைபட மேசையிலிருந்து பென்சில் உருண்டு விழுந்த பிறகே கேப்டன் அதைக் கவனித்தார். கணவர் வியர்வை வழிய எஞ்சின் அறையிலிருந்து ஏறி வந்தார்.

"வலப்பக்கத் தொட்டியில டீசல் பாதிக்கும் கீழ போயிடுச்சு. எங்கயோ ஒழுகுது. கரைக்குத் திருப்பு."

கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கேப்டன் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பின்தளத்துக்குச் சென்று நீரைப் பார்த்தார். எண்ணெய் மினுமினுப்பு துளியும் இல்லை.

"இடப்பக்கத் தொட்டியப் பாத்தீங்களா?"

"அது எதுக்கு? காலையிலயே அத மூடிட்டேனே."

"ஒரு தடவை பாருங்க."

பார்க்கப் போனவர் திரும்பிவரச் சற்று நேரமாயிற்று. எஞ்சின், எரிப்பதைவிட அதிகமாகவே டீசலை உறிஞ்சும். மிச்சத்தைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். காலையில் வலப்பக்கத் தொட்டிக்கு மாறியபோது, உறிஞ்சும் குழாயை மாற்றிய கணவர், மிச்சம் திரும்பும் குழாயின் வால்வை மாற்ற மறந்திருந்தார். காணாமற்போன டீசல் முழுவதும் இடப்பக்கத்தில் தளும்பிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷ சர்வீசு!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"யானைக்கும் அடி சறுக்குங்க."

"நான் யானையா?"

"உடம்பைச் சொல்லலை."

அப்போது கணவரின் கைபேசி ஒலித்தது. முதலாளி. மூன்று நாள்களில் ஒருமுறையேனும் அவர் கேப்டனை அழைத்ததில்லை.

"என்ன சார், எல்லாம் சரியா போகுதா? அம்மா சமாளிக்கிறாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"ஒரு தப்பு நடந்துச்சு சார். பண்ணது நான். கண்டுபிடிச்சது கேப்டன். மத்தத அவங்ககிட்டயே கேளுங்க."

கைபேசி கை மாறியது. முதன்முறையாக முதலாளி அவரிடமே கேட்டார்.

"எப்ப வந்து சேருவீங்க... கேப்டன்?"

"வெள்ளிக்கிழமை காலையில. சொன்ன நேரத்துக்கு."

கணவர் வால்வுகளை மாற்றிவைத்ததும் டீசல் மெல்ல வலப்பக்கம் திரும்ப, படகு நிமிர்ந்துகொண்டே வடக்கு நோக்கி ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை நீங்கள் படகு வந்து சேரும் துறையில் நிற்க நேரிடலாம். கயிறு வீசுபவர் கணவராகத்தான் இருப்பார். கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால், "கேப்டன், பயணம் எப்படி?" என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். தலையை நிமிர்த்தி மேல்தளத்தைப் பாருங்கள். அங்கே கேளுங்கள்.