ஒரே வாயில் இரண்டு மருந்து

விடியற்காலை ஆலைச் சங்கு ஊதும்போதே வீராயி துணி அச்சுப்பட்டறையில் உருளை துடைத்துக்கொண்டிருந்தாள். சாயம் கரைக்கிற எண்ணெயில் துணியை முக்கி, முழங்கை வரை நனைய நனையத் தேய்க்க வேண்டும். தித்திப்பாய் ஒரு வாடை தலையைச் சுற்றவைக்கும். சன்னலைத் திறந்தால் துணியில் தூசி விழுமாம். மனுசன் நெஞ்சில் எது விழுந்தால் முதலாளிக்கு என்ன? பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி வருசம் சில ஆகியும் இந்த ஆலைக்குள் எதுவும் இறங்கவில்லை.

எதிர் உருளையில் நிற்க வேண்டிய அவள் புருசன் சாமிக்கண்ணு பெரியாஸ்பத்திரியில் கிடந்தான்.

முதலில் ஈறில்தான் ரத்தம் கசிந்தது. பட்டறையே வெற்றிலை போடுகிற கூட்டம். சிவப்பாய்த் துப்பினால் யார் சந்தேகப்படுவார்கள்? அம்மன் கோயில் செடல் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி வெற்றிலையை விட்டபோது வெறும் எச்சிலும் சிவப்பாய் வந்தது. அப்புறம் உடம்பெல்லாம் கருநீலத் திட்டு. ஆலைக் கம்பவுண்டர் தணிகாசலம் ரத்தம் நிற்க ஒரு சீமை மாத்திரை கொடுத்தார். முட்டி வலிக்கிறது என்றதும், ஆள் வேலைக்கு நிற்க வேண்டுமே, கூடவே ஆஸ்பிரின் தூளும் கொடுத்தார். இரண்டையும் சேர்த்து விழுங்கிய மனுசன் கொஞ்ச நாள் தெம்பாக நின்றான். முந்தாநாள் உருளையடியில் கறுப்பாய் வாந்தியெடுத்துச் சரிந்தான்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டுக் கொதித்துப் போனார். ரத்தம் நிற்காத உடம்புக்கு ஆஸ்பிரினே ஆகாது, அந்த மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும், உருளை துடைக்கிற எண்ணெய் மேலேயும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்றார்.

அதை வீராயி பட்டறையில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தணிகாசலம் வந்து கொளஞ்சியிடம் அதே மாத்திரையையும் அதே பொட்டலத்தையும் நீட்டினார். கொளஞ்சியின் கையிலும் திட்டு இருந்தது. வீராயி இரண்டையும் தட்டிவிட்டாள். மிஷின்கள் நின்றன. முதலாளி இறங்கி வந்தார்.

"காசு வாங்காம மருந்து குடுக்கறேன். அதுவும் குத்தமா?" என்றார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். எங்க நோவு தீரவா குடுக்கறீங்க? மிஷின் நிக்கக் கூடாதுன்னு குடுக்கறீங்க."

"வெத்தலைய மென்னு வாயப் புண்ணாக்கிக்கிட்டு எங்கிட்ட வர்றீங்களா?"

"வயித்துக்குள்ளயும் வெத்தலையா மொதலாளி?"

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து நாத்தனார் கமலா ஓடிவந்தாள். அண்ணன் மறுபடி ரத்தமாய் வாந்தியெடுத்துவிட்டானாம். உடனே வேறு ரத்தம் ஏற்ற வேண்டுமாம். வீராயி துணியை எறிந்துவிட்டு நடந்தாள். பட்டறைப் பெண்கள் பின்னால் வந்தார்கள்.

"கேட்டத் தாண்டுனா இன்னியோட வேல போச்சு," என்றார் முதலாளி.

நூல் பிரிவுச் சங்கத்துக் கலியபெருமாள் அதைக் கேட்டான். அச்சுப்பட்டறைக்குக் கூலி ஒசத்தி என்று நூல்காரர்கள் அவர்களோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவனும் அப்படித்தான் இருந்தான், வெட்கங்கெட்ட பயல். இன்றைக்கு நூல் சுற்றும் கதிரை நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

ஆஸ்பத்திரியில் வீராயி முதல் ஆளாய்க் கையை நீட்டினாள். டாக்டரம்மா ரவிக்கைக் கையை ஏற்றிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அங்கேயும் நீலத்திட்டு. உன் ரத்தத்தையே சோதிக்க வேண்டும், நீ கொடுக்கக் கூடாது என்றார். கொளஞ்சியையும் தள்ளினார். பட்டறையில் திட்டு இல்லாதவள் ஒருத்தி பாக்கியில்லை. வீராயி சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். கட்டினவனுக்குக் கொடுக்க உடம்பில் நல்ல ரத்தம்கூட இல்லாமல் உறிஞ்சிவிட்டார்களே!

அப்போதுதான் கலியபெருமாளோடு தலையெல்லாம் பஞ்சு ஒட்டிய நூல்காரர்கள் உள்ளே வந்தார்கள். ரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்களும் அதில் இருந்தார்கள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்து முதலில் கலியபெருமாளைப் படுக்கச் சொன்னார்.

"எடுத்துக்குங்கம்மா," என்றான். "ஆலை குடிச்சது போவ மிச்சம் இது."

சாமிக்கண்ணு பிழைப்பானா, நாளைக்குக் கேட்டைத் திறப்பார்களா, யாருக்கும் தெரியாது. வரிசை வராந்தாவைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. ஒருத்தரும் விலகவில்லை.