கடும் காய்ச்சல்

எண்பத்தேழாம் வருடம் இலங்கையில் கலேவெலப் பக்கம் நான்கு மாதமாக மழை இல்லை. டொறீனின் மிளகாய்த் தோட்டம் கருகிவிட்டது. கிணற்றில் சேறுதான் மிச்சம். அவளுக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. அதனால் ஊரின் பதினொரு குடும்பங்களுக்காகவும் அரசாங்கக் கந்தோருக்குத் தமிழில் மனு எழுதினாள்: "எங்கள் ஊரில் கடும் காய்ச்சல். கிணறுகள் வற்றிவிட்டன. மாடுகள் சாகின்றன. உடனே உதவி வேண்டும்."

மண் காய்ந்து கிடப்பதை அங்கே காய்ச்சல் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜீப் வந்தது. தண்ணீர் பவுசர் வண்டி பின்னால் வருகிறதென்று எல்லோரும் வாளியோடு ஓடினார்கள். இறங்கியவர்கள் சுகாதாரப் பகுதி ஆட்கள். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, விரலில் ஊசி குத்தி, மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். கையில் கசப்பு மாத்திரையைக் கொடுத்தார்கள்.

"நெறய தண்ணியோட முழுங்குங்க" என்றான் ஒருவன்.

"எந்தத் தண்ணியோட?" டொறீன் மாத்திரையை ஜீப்பின் மேல் வீசியடித்தாள்.

மறுநாள் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனாள். மனுவைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தவர் சுந்தரலிங்கம், வெளியூர்க்காரர்.

"காய்ச்சல்னா காய்ச்சல்தானே? வறட்சின்னு எழுதியிருக்கணும்."

"அடுத்த வரியில கெணறு வத்திருச்சுன்னு எழுதியிருக்கேனே. அத வாசிக்கலையா?"

அவர் கோப்பிலிருந்து மனுவை எடுத்து அந்த வரியை அப்போதுதான் தேடினார். முதல் வரியைத் தாண்டி அவர் படிக்கவே இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

"வேற மனு குடுங்க. ஆனா வறட்சி நிவாரணப் பட்டியல் போன கெழமையே முடிஞ்சிருச்சு."

டொறீன் மனுவைப் பறித்துக்கொண்டு பெரிய துரையின் அறைக்குள் நேரே நுழைந்தாள். பியோன் தடுத்த கையைத் தட்டிவிட்டாள். ஒவ்வொரு வரியையும் சிங்களத்தில் உரக்கச் சொன்னாள். வெளியே நின்ற சனமெல்லாம் கேட்டது. துரை சுந்தரலிங்கத்தைக் கூப்பிட்டு, பட்டியலில் ஊரின் பெயரைச் சேர்க்கச் சொன்னார்.

பவுசர் வந்தபோது பதின்மூன்று நாள் கடந்திருந்தது. அதற்குள் டொறீனின் புருஷன் சில்வெஸ்டர் உழவு மாட்டில் ஒன்றைப் புதைத்திருந்தான்.

டிரைவர் ஒரு படிவத்தை நீட்டினான். "வறட்சி நிவாரணம் திருப்திகரமாகக் கிடைத்தது" என்று அதில் அச்சடித்திருந்தது.

"சைன் பண்ணுங்க அக்கா."

டொறீன் பேனையை வாங்கி, 'திருப்திகரமாக' என்ற சொல்லைத் தாள் கிழியும்படி அடித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினாள்.